‘சிக்னேச்சர் வாங்கியாச்சா?’ என்பதோடு நிறுத்தாதீர்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகங்களில் தமிழ் மாணவர் சங்கங்களை நடத்தும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

அக்டோபர் கடைசியில், குளிர்கால விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்கள் கையில் வைத்திருக்க வேண்டியவை என்று உங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பட்டியல் சுற்றத் தொடங்கும். பாஸ்போர்ட், விசா, ஐ-20 (பல்கலைக்கழகம் தரும் மாணவர் தகுதிச் சான்று), டிராவல் சிக்னேச்சர், ஐ-901 (மாணவர் பதிவுக் கட்டணம்) ரசீது, மார்க் ஷீட், பேங்க் ஸ்டேட்மென்ட். யார் எழுதியது, எந்த வருடம் எழுதியது என்ற விவரம் அதில் இருக்காது. பட்டியலில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் படிப்பின் நடுவில் இருப்பவர், ஓபிடியில் (படிப்பையொட்டிக் கிடைக்கும் தற்காலிக வேலை அனுமதி) வேலை பார்ப்பவர், அடுத்த செமஸ்டருக்கு வேறு பல்கலைக்கழகம் போகிறவர் என்று எல்லோருக்கும் ஒரே பட்டியல் போகிறது. கீழே நாலு சீனியர்கள் ‘எனக்கு ஒன்னும் கேக்கல, சும்மா விட்டுட்டாங்க’ என்று எழுதுவார்கள். அது அவர்களுக்கு நடந்தது, அவ்வளவுதான்.

நாங்கள் கேட்பது ஒன்று. பட்டியலை அனுப்பும் முன் ஆளை விசாரியுங்கள். விசா எந்தத் தேதியோடு முடிகிறது? படிப்பிலா, ஓபிடியிலா? பல்கலைக்கழகம் மாறுகிறாரா? யுஎஸ்சிஐஎஸ்ஸில் (குடிவரவு விண்ணப்பங்களைப் பார்க்கும் அமெரிக்க அரசு அமைப்பு) ஏதாவது விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறதா? எந்த விமான நிலையம் வழியாகப் போய் எந்த வழியாகத் திரும்புகிறார்? இந்த ஐந்தும் தெரியாமல் சொல்லும் ஆலோசனை குத்துமதிப்புதான்.

முதலில், விசாவும் ஸ்டேட்டஸும் (உள்ளே தங்கியிருப்பதற்கான சட்டத் தகுதி) ஒன்றல்ல என்பதை உங்கள் ஓரியன்டேஷன் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா, நாட்டின் வாசலில் வந்து நிற்பதற்கான அனுமதி. உள்ளே வந்த பிறகு அது காலாவதியானால் பாதகம் இல்லை. உள்ளே விடும்போது அதிகாரி பதிவது ஐ-94 என்ற நுழைவுப் பதிவு. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்தவருக்கு அதில் வெளியேறும் தேதிக்குப் பதிலாக ‘டி/எஸ்’ என்று இருக்கும். ஸ்டேட்டஸ் ஒழுங்காக இருக்கும் வரை இருக்கலாம் என்பது அதன் பொருள். (இதை எடுத்துவிட்டுக் குறிப்பிட்ட தேதி போடும் விதி 2025 ஆகஸ்டில் முன்மொழியப்பட்டது. அதனால் இந்த ஒரு வரியை மட்டும் ஒவ்வொரு பருவமும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.) அந்த ஸ்டேட்டஸுக்கு ஆதாரம் ஐ-20. ஐ-20க்கு ஆதாரம் செவிஸ் என்ற அரசு மாணவர் பதிவுக் கணினியில் உள்ள உங்கள் பதிவு. விமான நிலையத்தில் அதிகாரி தாளைப் பார்ப்பதோடு திரையையும் பார்க்கிறார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அவர் நம்புவது திரையைத்தான்.

டிராவல் சிக்னேச்சர் பற்றிய குழப்பம் முழுக்கத் தேதிக் கணக்கில் வருவது. அது ஐ-20யின் இரண்டாம் பக்கத்தில் டிஎஸ்ஓ (பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அதிகாரி) போடும் கையெழுத்து. படிக்கும் மாணவருக்குப் போட்ட நாளிலிருந்து 12 மாதம் செல்லும். ஓபிடியிலும் ஸ்டெம் ஓபிடியிலும் (அறிவியல், தொழில்நுட்பம் படித்தவர்களுக்கான நீட்டிப்பு) இருப்பவருக்கு 6 மாதம்தான். கிளம்பும் நாளில் அது செல்லுபடியாக இருப்பது போதாது, திரும்பி வந்து இறங்கும் நாளில் இருக்க வேண்டும். மே மாதம் கையெழுத்து வாங்கிய மாணவர் அதே ஜூலையில் ஓபிடிக்கு மாறி டிசம்பரில் ஊருக்குப் போய் வந்தால், அவர் மனசில் ஒரு வருடக் கணக்கு ஓடும். விதிப்படி அது நவம்பரிலேயே முடிந்துவிட்டது. இன்னொன்று: கையெழுத்துக்குப் பிறகு புது ஐ-20 வந்திருந்தால், பழையதில் உள்ள கையெழுத்தை நம்பக் கூடாது. புதியதில் வாங்க வேண்டும். பழையவற்றைத் தூக்கிப் போடவும் கூடாது.

முதல் பக்கத்தின் அடியில் மாணவர் தானே கையெழுத்துப் போட ஓர் இடம் உண்டு. மறந்துபோவது பெரும்பாலும் அதுதான். 2020 முதல் டிஎஸ்ஓக்கள் மின்கையெழுத்துப் போட்ட ஐ-20யை மின்னஞ்சலில் அனுப்பலாம் என்பதால் பலர் அதை அச்செடுப்பதே இல்லை. ஃபோனில் பிடிஎஃப் காட்டிச் சமாளிக்கலாம் என்ற நம்பிக்கையில் கிளம்பாதீர்கள். மூன்று பக்கத்தையும் அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். செக்-இன் லக்கேஜில் போட்டால் இமிக்ரேஷன் தாண்டிய பிறகுதான் கைக்கு வரும்.

ஆனால் கையெழுத்து எவ்வளவு புதியதாக இருந்தாலும் செவிஸ் பதிவு ‘ஆக்டிவ்’ ஆக இல்லையென்றால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. பதிவு எப்படிக் கெடுகிறது? டிஎஸ்ஓவிடம் முன்கூட்டிக் கேட்காமல் ஒரு பாடத்தை டிராப் செய்து முழுநேர அளவுக்குக் கீழே இறங்குவது ஒன்று. இளநிலை மாணவருக்கு அந்த அளவு பொதுவாக ஒரு பருவத்துக்கு 12 கிரெடிட். மேல்படிப்புக்குப் பல்கலைக்கழகமே தீர்மானிக்கும். ஊரில் இருக்கும்போது கட்டணத் தவணை தவறி ஸ்பிரிங் பருவப் பதிவு ரத்தாவது இன்னொன்று. வெளியில் இருந்தபடி அதைச் சரிசெய்ய, நேர வித்தியாசத்தில் மின்னஞ்சல் எழுதிக்கொண்டு உட்கார வேண்டும். மாணவர் எந்தத் தவறும் செய்யாமலும் நடக்கும்: 2025 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான மாணவர்களின் செவிஸ் பதிவுகள் முன்னறிவிப்பில்லாமல் நிறுத்தப்பட்டு, வழக்குகளுக்குப் பின் அந்த மாதக் கடைசியில் மீட்கப்பட்டன. ஆகவே திரும்புவதற்கு ஒரு வாரம் முன்பு ‘என் செவிஸ் ஆக்டிவ்தானா, ஸ்பிரிங்குக்குப் பதிவாகியிருக்கிறேனா’ என்று டிஎஸ்ஓவுக்கு இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். அந்தப் பதிலையும் அச்செடுத்து ஐ-20க்குப் பின்னால் வைக்கலாம்.

வீட்டு விசேஷம், உடல்நிலை என்று ஒரு செமஸ்டர் விடுப்பு எடுப்பவர்களுக்குத் தனிக் கணக்கு. ஐந்து மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால், பழைய ஐ-20யைக் காட்டித் தொடரும் மாணவராக உள்ளே வர முடியாது. புதிதாகச் சேர்கிறவரைப்போல் புது ஐ-20, புது செவிஸ் எண், மறுபடியும் 350 டாலர் ஐ-901 கட்டணம். சிபிடி (படிப்பின்போதே செய்யும் வேலைப் பயிற்சி), ஓபிடி தகுதிக்கு வேண்டிய ஒரு கல்வியாண்டுக் கணக்கும் பொதுவாக முதலிலிருந்து ஓடும். பல்கலைக்கழகமே அனுப்பிவைத்த வெளிநாட்டுப் படிப்பும் களஆய்வும் மட்டும் விலக்கு. முறைப்படி அனுமதி வாங்கிப் போயிருந்தாலும், ஐந்து மாதத்துக்குள் திரும்பினாலும், நிறுத்திவைத்த பதிவை டிஎஸ்ஓ மீண்டும் உயிர்ப்பித்த பிறகுதான் விமானம் ஏற வேண்டும்.

விசா முடிந்தவர்கள் விஷயத்தில்தான் உங்கள் பழைய செய்திகள் அதிகம் கெடுக்கின்றன. இந்திய பாஸ்போர்ட்டுக்கு எஃப்-1 விசா பெரும்பாலும் ஐந்து வருடத்துக்குக் கிடைக்கும். ஆகவே முனைவர் பட்ட மாணவர்களும், முதுநிலை முடித்து ஸ்டெம் ஓபிடியில் இருப்பவர்களும்தான் ஸ்டாம்பிங்குக்கு (பாஸ்போர்ட்டில் புது விசா வாங்க) போகிறார்கள். ‘டிராப்பாக்ஸ்ல (நேர்காணல் இல்லாமல் ஆவணங்களை மட்டும் கொடுக்கும் முறை) போட்டுட்டுப் பொங்கல் முடிஞ்சு வந்துரலாம்’ என்பது அவர்களுக்கு இன்று பொருந்தாது. 2025 செப்டம்பர் 2 முதல் மாணவர் விசாப் புதுப்பிப்புக்கும் நேர்காணல் உண்டு. அதே மாதம், குடியுரிமை உள்ள நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்ற அறிவிப்பும் வந்தது. போகிற வழியில் மூன்றாம் நாட்டில் ஸ்டாம்பிங் முடித்துவிடும் யோசனையை மறந்துவிடலாம். 2025 ஜூன் முதல் எஃப், எம், ஜே (மாணவர், பரிமாற்றத் திட்ட) விசா விண்ணப்பதாரர்கள் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுவில் திறந்து வைக்கவும் வேண்டும். டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பத்தில், கடந்த ஐந்து வருடத்தில் வைத்திருந்த சமூக ஊடகக் கணக்குகளைக் கேட்கிறார்கள். பயன்படுத்தாமல் விட்ட பழைய கணக்கும் அதில் சேரும்.

வரிசை இதுதான். புதுக் கையெழுத்துடன் ஐ-20. பிறகு டிஎஸ்-160. 185 டாலர் கட்டணம். பிறகு ஸ்லாட், அதாவது சந்திப்பு நேரம். இந்தியாவில் கைரேகைக்கு ஒன்று, நேர்காணலுக்கு ஒன்று என இரண்டு சந்திப்பு. சென்னையில் ஸ்லாட் இல்லையென்றால் ஹைதராபாத், மும்பை, டெல்லி, கொல்கத்தாவிலும் போடலாம். டிக்கெட் எல்லாவற்றுக்கும் கடைசி. செவிஸ் எண் மாறாமல் தொடர்ந்து படித்துவரும் மாணவர் ஐ-901 மறுபடி கட்ட வேண்டியதில்லை. கட்டச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். நேர்காணலில் 221(ஜி) என்ற நிறுத்திவைப்புத் தாளைக் கொடுத்தால் இணையத்தில் ‘ரெஃப்யூஸ்ட்’ என்று காட்டும். கூடுதல் ஆவணமோ பின்னணிச் சரிபார்ப்போ முடியும் வரை அது அப்படித்தான் இருக்கும், நிரந்தர மறுப்பு என்று அர்த்தமில்லை. எத்தனை நாள் ஆகும் என்பதை யாராலும் சொல்ல முடியாது என்பதுதான் கஷ்டம். குறைகடத்தி, அணு, ட்ரோன், சில உயிரியல் துறைகளில் ஆய்வு செய்பவர்கள் விரிவான சிவி, ஆய்வைப் பற்றி எளிய மொழியில் ஒரு பக்கம், வழிகாட்டிப் பேராசிரியரின் கடிதம் மூன்றையும் இங்கிருந்தே தயாராக எடுத்துப் போகட்டும். டீச்சிங் அசிஸ்டன்ட் வேலை இருந்தால், தாமதமானால் என்ன செய்வது என்று துறையோடு முன்பே பேசிவிடுவது நல்லது.

விசா முடிந்திருந்தும் அதைப் புதுப்பிக்காமல் திரும்ப ஒரு வழி உண்டு. கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ 30 நாளுக்குள் போய்வந்தால், காலாவதியான விசாவோடு ஐ-94, கையெழுத்துள்ள ஐ-20, செல்லுபடியாகும் பாஸ்போர்ட் மூன்றையும் காட்டி உள்ளே வரலாம். எஃப், ஜே மாணவர்களுக்குக் கியூபா தவிர்த்த கரீபியன் தீவுகள் பலவற்றுக்கும் இது பொருந்தும். ஆட்டோமேட்டிக் விசா ரீவேலிடேஷன் என்பது அதன் பெயர். ஐ-94ஐக் கிளம்பும் முன்பே அச்செடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே போய் அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும். விசா கிடைக்கும் வரை வெளியேதான். நயாகராவின் மறுகரையைப் பார்க்கப் போகிறவர் கனடா விசிட்டர் விசாவைத் தனியாக எடுக்க வேண்டும். மெக்சிகோ, செல்லுபடியாகும் அமெரிக்க விசா உள்ள இந்தியரைத் தன் விசா இல்லாமலே விடும். அமெரிக்க விசா முடிந்திருந்தால் அந்தச் சலுகையும் முடிந்தது. அமெரிக்காவுக்குத் திரும்பி வர வழி இருக்கும், மெக்சிகோ விசா எடுக்காமல் அங்கே உள்ளே போகத்தான் வழி இருக்காது.

இதே கண்ணி, ஊருக்குப் போகும் வழியிலும் இருக்கிறது. லண்டனிலும் சில ஐரோப்பிய நகரங்களிலும், வெளியே போகாமல் விமானம் மாறுவதற்கே சில நாட்டுப் பாஸ்போர்ட்டுகளுக்கு டிரான்சிட் விசா கேட்கிறார்கள். கையில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் பெரும்பாலும் விலக்கு உண்டு. அமெரிக்க விசா முடிந்து, அதைப் புதுப்பிக்கத்தான் ஊருக்கே கிளம்புகிறவருக்கு அந்த விலக்கு கிடைக்காமல் போகலாம். அவரைத் தடுத்து நிறுத்துவது இமிக்ரேஷன் அதிகாரி இல்லை, நியூயார்க்கிலோ டல்லஸிலோ உள்ள ஏர்லைன் கவுன்ட்டர். விசா முடிந்தவர்களுக்கு வளைகுடா வழி மலிவோ இல்லையோ, சிக்கல் குறைவு. ஆனால் அபுதாபி வழியாகத் திரும்பினால் அமெரிக்க இமிக்ரேஷன் சோதனை அங்கேயே நடந்துவிடும். டப்ளின், ஷானன், கனடாவின் பெரிய விமான நிலையங்களிலும் அப்படியே. கனெக்ஷனுக்கு ஒன்றரை மணி நேரம் போதும் என்று கணக்குப் போடுகிறவரிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

இனி பெயர். நம் ஆட்களுக்கென்றே உள்ள தலைவலி இது. அப்பா பெயரை இனிஷியலாக வைத்துக்கொள்ளும் வழக்கத்தால் பலருடைய பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கும். அமெரிக்க விசாவில் அப்போது முழுப்பெயரும் சர்நேம் இடத்துக்குப் போய், முன்பெயர் இடத்தில் ‘எஃப்என்யூ’ என்று வரும். முன்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. ஐ-20யில் எஃப்என்யூ போடக் கூடாது என்பது செவிஸ் விதி. அங்கே முன்பெயர் காலியாக இருக்கும். எனவே விசாவில் எஃப்என்யூவும் ஐ-20யில் வெற்றிடமும் இருந்தால் அது பிழையல்ல. ஐ-20யில் உள்ள பெயரின் எழுத்துகள் பாஸ்போர்ட்டின் அடியில் உள்ள இரண்டு வரிகளோடு ஒத்துப்போகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். படிப்பின் நடுவில் இதைச் ‘சரிசெய்ய’ பாஸ்போர்ட்டில் சர்நேம் சேர்ப்பவர்கள் ஒரே மூச்சில் நாலு ஆவணங்களை முரணாக்கிக்கொள்கிறார்கள். சேர்ப்பதென்றால், ஸ்டாம்பிங்குக்குப் போக வேண்டிய வருடத்தில் சேருங்கள். முதலில் பாஸ்போர்ட், அடுத்து டிஎஸ்ஓ மூலம் ஐ-20, அதன்பின் புதுப் பெயரில் விசா. டிக்கெட்டும் எப்போதும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரில். பெயர் மாறாமல் பாஸ்போர்ட் மட்டும் புதிதானால் கவலை இல்லை. பழைய பாஸ்போர்ட்டில் விசா செல்லும், இரண்டையும் சேர்த்து எடுத்துப் போனால் போதும்.

பல்கலைக்கழகம் மாறுகிறவருக்கும் இதே மாதிரி ஒரு தேவையில்லாத பயம்: ‘விசாவில் பழைய யுனிவர்சிட்டி பேர் இருக்கே?’ இருக்கட்டும். செவிஸ் எண் அதே எண்ணாக இருந்து விசாவும் செல்லுபடியாக இருந்தால் அதிலேயே வரலாம். கவனிக்க வேண்டியது ரிலீஸ் தேதி, அதாவது பழைய பல்கலைக்கழகம் உங்கள் செவிஸ் பதிவைப் புது இடத்துக்கு விடுவிக்கும் நாள். அந்தத் தேதி கடந்துவிட்டால் பழைய இடத்தின் ஐ-20 வெறும் தாள். புது இடத்தின் ஐ-20 கைக்கு வந்த பிறகே திரும்ப வேண்டும்.

ஓபிடியில் இருப்பவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறினால் திரும்பச் சரிசெய்ய வழியில்லாத இடம் இது. விண்ணப்பித்து முடிவு வராத நிலையில் போனால், ரசீதும் ஓபிடி பரிந்துரை உள்ள ஐ-20யும் இருந்தால் வேலை தேடுவதற்காகத் திரும்பலாம். ஆனால் அவர் வெளியே இருக்கும்போதே அனுமதி வந்து, இஏடி (வேலை அனுமதி) கார்டு அமெரிக்க முகவரிக்குத் தபாலில் போய்விட்டால், திரும்பும்போது அந்தக் கார்டும் வேலைக் கடிதமும் தேவை. அனுமதி கிடைத்த பின் வேலை இல்லாமல் வெளியேறுவது பெரிய ஆபத்து. வேலையில்லா நாள் 90க்கு மேல் போகக் கூடாது என்ற கணக்கில் ஊரில் கழிக்கும் நாளும் சேரும். படிப்பு முடிந்து ஓபிடிக்கே விண்ணப்பிக்காதவருக்குக் கிடைக்கும் 60 நாள், மூட்டை கட்டிக் கிளம்புவதற்கு மட்டும். இடையில் மெக்சிகோவின் கான்கூன் போய்விட்டு அதே ஐ-20யில் திரும்ப முடியாது.

எச்-1பி வேலை விசாத் தகுதிக்கு நிறுவனம் மனு போட்டு, இங்கிருந்தபடியே ஸ்டேட்டஸ் மாற்றம் கேட்டிருந்தால், முடிவு வருவதற்குள் வெளியேறுவது அந்த மாற்ற விண்ணப்பத்தைக் கைவிட்டதாகும். மனு பிழைத்தாலும் ஸ்டாம்பிங் தேவைப்படும். 2025 செப்டம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த, எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கேட்கும் பிரகடனம், முடிவுக்கு முன் இப்படி வெளியேறியவரின் மனுவுக்கும் பொருந்தும் என்று யுஎஸ்சிஐஎஸ் அந்த அக்டோபரில் விளக்கியது. அக்கா கல்யாணமே ஆனாலும், இந்த நிலையில் இருப்பவர் நிறுவன வழக்கறிஞரைக் கேட்காமல் டிக்கெட் போடக் கூடாது. எச்-4இலிருந்து (எச்-1பி உள்ளவரின் குடும்பத்துக்கான விசா) எஃப்-1க்கு மாற ஐ-539 விண்ணப்பம் போட்டுக் காத்திருப்பவருக்கும், வெளியேறினால் கைவிட்டதாகும் என்ற அதே விதி.

ஒரு கேள்வியைக் குழுவில் கேட்காதீர்கள், தனியாகக் கேளுங்கள்: போலீஸ் கேஸ் ஏதாவது உண்டா? குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காகக் கைதானாலே, வழக்கு முடியும் முன்பே, விசாவை வெளியுறவுத் துறை ரத்து செய்யலாம். உள்ளே இருக்கும்வரை படிப்பு தொடரலாம், வெளியே போனால் அந்த விசாவில் திரும்ப முடியாது. மாநிலத்தில் சட்டப்படி விற்கும் கஞ்சாவும் கூட்டாட்சிச் சட்டத்தில் குற்றம்தான். எல்லையில் நிற்பவர் கூட்டாட்சி அதிகாரி. ஃபோனைத் திறந்து பார்க்கும் அதிகாரமும் அவர்களுக்கு எல்லையில் உண்டு. கேஸ் இருப்பவர் குடிவரவு வழக்கறிஞரைப் பார்த்த பிறகே கிளம்பட்டும். சங்கத்தில் யாருக்கும் அதில் கருத்துச் சொல்லும் வேலை இல்லை.

மனைவி, கணவர், குழந்தை எஃப்-2இல் (மாணவரின் குடும்பத்துக்கான விசா) இருந்தால் ஒவ்வொருவருக்கும் தனி ஐ-20, அதில் தனிக் கையெழுத்து. முனைவர் பட்டக் குடும்பங்களில் குழந்தையின் ஐ-20யை யாரும் புரட்டிப் பார்ப்பதே இல்லை.

எல்லாம் செய்தும் வாசலில் ஏதோ ஒன்று குறைந்துவிட்டால்? அதிகாரி உள்ளே விட மறுக்கலாம். கையெழுத்துப் போன்ற குறைக்கு ஐ-515ஏ என்ற தாளைக் கொடுத்து 30 நாளுக்கு மட்டும் விடவும் செய்யலாம். அதை வாங்கிக்கொண்டு வந்து தூங்கிவிடக் கூடாது. மறுநாளே டிஎஸ்ஓவிடம் போய், கேட்ட ஆவணத்தை 30 நாளுக்குள் எஸ்இவிபிக்கு (செவிஸை நடத்தும் அரசு அமைப்பு) அனுப்ப வேண்டும், இல்லையென்றால் ஸ்டேட்டஸ் போய்விடும். சில சமயம் அதிகாரியே டிஎஸ்ஓவை ஃபோனில் பிடிக்கப் பார்ப்பார். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையில் பல அலுவலகங்கள் பூட்டிக் கிடக்கும், நம் மாணவர்கள் திரும்புவதும் அதே வாரத்தில். இதில் சங்கத்தால் உருப்படியாக ஒன்று செய்ய முடியும்: விடுமுறையில் அழைக்க வேண்டிய அவசர எண்ணை நவம்பரிலேயே உங்கள் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்த எண் இல்லையென்றால் வேண்டும் என்று கேளுங்கள். ஐ-20யின் பின்பக்கம் பேனாவால் எழுதிவைக்கச் சொல்லுங்கள். இன்ஸ்பெக்ஷன் அறையில் ஃபோன் கையில் இருக்காது.

பழைய பட்டியலைக் குழுவில் பின் செய்து வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். புதிதாக எழுதுவதில் தேதி போடுங்கள்.

ஜனவரியில் ஒவ்வொருவராக ‘ரீச்ட்’ என்று செய்தி போடுவார்கள். நீங்கள் லைக் போடும் முன், ‘ஐ-94 பார்த்தாயா?’ என்று கேளுங்கள். சிபிபி (எல்லையில் சோதிக்கும் அரசு அமைப்பு) தளத்தில் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் வரும். எஃப்-1, டி/எஸ் என்று இருக்க வேண்டும். பி-2 (சுற்றுலா) என்றோ, ஒரு தேதியோ இருந்தால் டிஎஸ்ஓவிடம் சொல்லிவிட்டு, அருகில் உள்ள டெஃபர்ட் இன்ஸ்பெக்ஷன் (நுழைவுப் பதிவின் பிழையைத் திருத்தும் சிபிபி) அலுவலகத்தில் அந்த வாரமே திருத்த வேண்டும். மூன்று மாதம் கழித்து இஏடி விண்ணப்பிக்கும்போது கண்டுபிடித்தால் நாள்கள் போயிருக்கும்.

இப்படிக்கு,
மாணவர் ஆவணங்களோடு பழகும் சிலர்